சைக்கிள் மாமி சாந்த சொரூபியாம்!

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

காலமான எங்கட சைக்கிள் மாமிக்கென்று முந்தநாள் ஊர்ச் சங்கச் செயலாளர் அனுப்பின நினைவு மலர் வரைவை நான் இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்து முடித்தபோது, வேறு ஆருடையதோ மலரை மாறி அனுப்பிப்போட்டார் என்றுதான் நினைத்தேன். "சாந்தமே உருவாய், பொறுமைக்கு இலக்கணமாய், அதிர்ந்து ஒரு சொல் பேசாத..." என்று போகிறது. அதிர்ந்து ஒரு சொல் பேசாத! சைக்கிள் மாமி! அவ தன்ர வளவில் நின்று கதைத்தால் வைரவர் கோயிலடியில் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும்.

மரண அறிவித்தலிலும் இதே கூத்துத்தான். பாரிஸில் இருக்கிற என்ர மச்சாள் போன் எடுத்து, "இது ஆரடி, எங்கட ஊரெண்டு போட்டிருக்கு, பாத்த முகமாயும் கிடக்கு" என்று கேட்டா. பிறப்புப் பதிவில் இருந்த பேரைப் போட்டால் ஆருக்குத் தெரியும்? என்ர அம்மாவின் வயதுக்காரருக்கு அவ பெரியக்கா. எங்களுக்குச் சைக்கிள் மாமி. எங்களுக்குப் பின்னால் வந்ததுகளுக்குச் சைக்கிளாச்சி. நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

31ஆம் நாள் அந்தியேட்டிக்கு மலர் கையில் இருக்க வேணும், அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள் என்று செயலாளர் எழுதியிருந்தார். அதனால் இருந்த இருப்பில் எழுதுகிறேன், முன்பின் மாறி இருந்தால் குறை நினைக்காதேங்கோ. வரைவு எழுதினவரையும் நான் குற்றம் சொல்லவில்லை. செத்தவர்களைப் பற்றி எழுதுகிற எல்லாருக்கும் கை தன்பாட்டில் அந்தச் சொற்களைத்தான் எழுதும். ஆனால் அந்தப் பக்கத்தை மாமி வாசித்திருந்தால், "ஆரடா உவ, நல்ல மனுசியாக் கிடக்கே" என்று கேட்டிருப்பா.

முதலில் அம்மா சொல்லிக் கேட்டது. 1960களின் தொடக்கம். மாமியின் மனிசன் நெஞ்சுநோவில் திடீரென்று போய்விட்டார். மடியில் ஒன்று, காலடியில் இரண்டு என்று மூன்று பிள்ளைகள். எட்டுப் பரப்புத் தோட்டத் தறை, ஒரு பங்குக் கிணறு. (ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைகளுக்காக: பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். அப்படியென்றால் அவவிடம் இருந்தது அரை ஏக்கர்.) எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரிக்கு மட்டும். தோட்டம் என்றால் கிணறு, கிணறு என்றால் அந்த நாளில் துலா, கிணற்றுக்கு மேலே ஏறி இறங்குகிற நீள மரம். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க வேணும், இன்னொருவர் கிணற்றுக்கட்டில் நின்று தண்ணி அள்ளுகிற பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க வேணும், மூன்றாவது ஆள் வாய்க்காலில் நின்று தண்ணி மாற வேணும். மூன்று பேர் இல்லாமல் இறைப்பில்லை.

கிணற்றுப் பங்குக்காரர், "உனக்கேன் பிள்ளை இந்தக் கரைச்சல், குத்தகைக்குத் தந்துபோட்டு வீட்டிலை இரு" என்றார்களாம். அவவின் முறை வந்த நாளில் கூலிக்கும் ஒருத்தரும் வரவில்லை. வராமல் பண்ணினார்களா, தற்செயலா என்பது அம்மாவுக்குத் தெரியாது. மாமிக்குத் தெரியும், ஆள் ஆளாகப் பேர் சொல்லுவா. விடியற்காலை சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு துலாவில் தானே ஏறிவிட்டா. தம்பிக்காரன் பட்டை பிடிக்க, என்ர அம்மம்மா தண்ணி மாறினா.

முதல் நாள் மேலே நிற்கக் கால் உதறினதாம். கீழே பார்த்தால் கிணறு. அந்தப் பயத்தை மறைக்கத்தான் வாயைத் திறந்திருக்கிறா. ஆம்பிளைகள் மிதிக்கும்போது பாட்டாகப் பாடி எண்ணுவார்கள். இவவுக்குப் பாட்டு வராது. அதனால் ஒரு மிதிக்கு ஒரு ஆள் என்று, வரமாட்டேன் என்ற கூலிக்காரரில் தொடங்கி, பங்குக்காரர், அவர்களுடைய பெண்சாதிமார், மனிசனின் அண்ணன், கடைசியில் செத்துப்போன மனிசன் வரைக்கும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திட்டி எண்ணினாவாம். ஊர் முழுக்கக் கேட்டது. "அண்டைக்குத் திறந்த வாய்தான் பிள்ளை, பிறகு மூடேல்லை" என்று அம்மா சொல்லுவா.

இந்தக் கதைக்கும் வரைவில் இருக்கிற "பொறுமை"க்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கோ.

அதற்குப் பிறகு தண்ணி இறைக்கிற மிசின் வந்தது, துலா போனது. 1970இல் வந்த சிறிமாவோவின் அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய், வெங்காயத்தின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த, எங்கட தோட்டக்காரர் தலை நிமிர்ந்தார்கள். 1977இல் ஆட்சி மாறிக் கதவைத் திறந்துவிடும்வரைக்கும் செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் இருந்த மரியாதையைப் பற்றிப் பழையவர்கள் இன்றைக்கும் கண் கலங்கிக் கதைப்பார்கள். மாமியின் வீட்டுக்கு ஓடு போட்டதும் அந்த வருசங்களில்தான். ஓட்டுக்கூரையைக் காட்டி, "இது சிறிமாவோ போட்ட கூரையில்லை, என்ர முதுகு போட்டது" என்பா. முற்றத்தில் மிளகாய் காயும்போது அந்த ஒழுங்கையால் போகிற எல்லாரும் தும்முவார்கள். தும்மினவரை நிறுத்தி நலம் விசாரிக்காமல் விடமாட்டா.

இனிக் கழிவுச் சண்டை. இது நான் கண்ணால் பார்த்தது. எனக்குப் பத்து வயசு இருக்கும். எங்கட வீட்டுக் கத்தரிக்காயையும் மாமியின் வெங்காயத்தையும் ஒரே வண்டிலில் ஏற்றிச் சந்தைக்குப் போனோம். எந்தச் சந்தை என்று எழுதவில்லை, எல்லாச் சந்தையிலும் அப்போது ஒரே வழமைதான். தோட்டக்காரர் நூறு கிலோ நிறுத்துக் கொடுத்தால், வாங்குகிறவர் பத்துக் கிலோவைக் கழித்துப்போட்டுத் தொண்ணூறுக்குத்தான் காசு எண்ணுவார். அதற்குப் பேர் கழிவு. சாக்கு, மண், அழுகல் என்று மூன்று காரணம் சொல்லுவார்கள். அப்பா உட்பட எல்லாரும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு வருவார்கள்.

மாமி தன்ர முறை வந்ததும் வெங்காயத்தை நிலத்தில் கொட்டினா. வெறும் சாக்கை உதறி மடித்துத் தராசில் வைத்தா.

"தம்பி, நிறுத்துச் சொல்லு."

"என்னணை, வெறும் சாக்கை..."

"நிறு, பாப்பம்."

நிறுத்தான். ஒரு கிலோவும் வரவில்லை.

"சரி, உன்ர கணக்குக்கு ஒரு கிலோ எண்டு வை. மிச்சம் ஒன்பது கிலோவும் ஆருக்கு?"

"அது வழமையணை."

"வழமையோ? உன்ர வீட்டிலை வழமையா எத்தினை பேரடா என்ர வெங்காயம் தின்னுறியள்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சின்னப் பெடியன், முகம் சிவந்துவிட்டது. உள்ளே இருந்து முதலாளி வந்தார். மாமி விடவில்லை. குந்தியிருந்து, கொட்டின வெங்காயத்தில் அழுகல் இருந்தால் பொறுக்கிக் காட்டச் சொன்னா. அவர் பொறுக்கவில்லை. அவவே பொறுக்கினா. ஒவ்வொரு வெங்காயமாக, பெருவிரலால் அமத்திப் பார்த்து, இடது பக்கம் நல்லது, வலது பக்கம் கெட்டது. பின்னால் வண்டில்கள் வரிசையாக நிற்கின்றன. சனம் கத்துகிறது. கடைசியில் வலது பக்கத்தில் பதினொரு வெங்காயம் கிடந்தது. அதை என்ர கையில் தந்து, "முதலாளிக்குக் குடு பிள்ளை, கழிவாம்" என்றா.

நான் கொடுத்தேன். என்ர கை நடுங்கினது இப்போதும் ஞாபகம்.

இந்தக் கதையை மெல்பேர்ணில் இருக்கிற தம்பி போன வருச ஒன்றுகூடலில், மாமி வென்றதாகவும் அன்றைக்கே கழிவு நின்றதாகவும் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கழிவு நிற்கவில்லை. அன்றைக்கு அவவுக்கு முழுக் காசும் கிடைத்தது உண்மை. ஆனால் அடுத்த கிழமையிலிருந்து அந்த வரிசையில் ஒருவரும் அவவின் மூட்டையைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற எங்கட ஆட்களும், அப்பாவும்தான், வாயைத் திறக்கவில்லை. தோற்றுத்தான் போனா. வீட்டுக்கு வரும் வழி முழுக்க எங்கள் எல்லாரையும் திட்டிக்கொண்டு வந்தா. மாட்டையும் திட்டினா.

அந்தத் தோல்விதான் அவவைச் சைக்கிளில் ஏற்றினது. சந்தையில் வாங்கமாட்டார்கள் என்றால் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறது என்று முடிவெடுத்தா. 1990 நடுப்பகுதியில் சண்டை மறுபடி தொடங்கி, பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தடையாகி, பஸ்சும் ஓடாமல் போனபோது, ஊரே சைக்கிளில்தானே திரிந்தது. மாமிக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கலியாணம் கட்டி ஜேர்மனிக்குப் போன மகளின் லேடீஸ் சைக்கிள் ஒன்று கோடியில் தூசி பிடித்துக் கிடந்தது. ஒரு பின்னேரம் எங்கட வீட்டுப் படலையில் வந்து நின்று, "எடியே, எனக்கு உந்தச் சைக்கிளை ஓடக் காட்டித்தா. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்றா. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்பதை எத்தனை வளவுக்குக் கேட்கச் சொன்னா என்பது வேறு கதை.

கோயில் வடக்கு வீதியில், மம்மல் பொழுதில் பழகினோம். நான் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட வேணும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு, அவவின் பாரம் என்ர பாரத்தின் இரண்டு மடங்கு. சீலைக் கரையை ஒரு றப்பர் வளையத்தால் கணுக்காலோடு கட்டியிருந்தா. கால் பெடலைத் தேடும்போது கண்ணை இறுக மூடுவா. "மாமி, கண்ணைத் திறவுங்கோ" என்று நான் கத்த, "திறந்தாப் பயமாக் கிடக்கடி" என்று அவ கத்துவா. மூன்றாம் நாள் கிளுவை வேலிக்குள் போய் விழுந்தா. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், வேலிக்குள் மல்லாந்து கிடந்தபடியே வேலியின் சொந்தக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறா, வேலியை வீதிக்குள் தள்ளி அடைத்துப்போட்டாராம். அளந்து பார்த்தபோது அது உண்மையாகவும் இருந்தது. ஒரு முழம் தள்ளித்தான் அடைத்திருந்தார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நான் பிடியை விட்டுவிட்டேன். அவவுக்குத் தெரியாது. பின்னால் நான் ஓடிவருகிறேன் என்று நினைத்து, "விடாதை, விடாதை" என்று சொல்லிக்கொண்டே தனியாகப் போய்க்கொண்டிருந்தா. மூலை திரும்பி, கிழக்கு வீதியும் தாண்டி, தெற்கு வீதியில் குரல் கேட்கிறது, "விடாதையடி!" நான் வடக்கு வீதியில் சிரித்துச் சிரித்துக் குந்திவிட்டேன். ஒரு சுற்றுச் சுற்றி என்ர முன்னால் வந்தபோதுதான் கண்டா. இறங்கத் தெரியாது. அதனால் எனக்குப் பேசியபடியே இன்னும் ஒரு சுற்றுப் போனா.

பிறகு அந்தச் சைக்கிள் ஊரின் சொத்தாகிவிட்டது. மாமி வருவதற்கு முன்னம் பெல் வரும், அதற்கு முன்னம் குரல் வரும். முன்கூடையில் கீரை, பின்னால் பெட்டியில் வெங்காயம், மரவள்ளி. தான் விற்ற விலையிலிருந்து ஒரு சதம் குறைக்கமாட்டா. ஆனால் நிறுவையில் ஒரு பிடி கூட விழும். "கழிவு" என்று சொல்லிப் போடுவா. சந்தையில் கழித்ததை வீட்டுப் படலையில் கூட்டிப் போட்டா. இரவில் பெடியன்கள் அவவின் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைக் கொழுவி, கையால் பெடலைச் சுற்றி றேடியோ கேட்பார்கள். பற்றரி இல்லாத காலம். பிபிசி தமிழோசை, வெரித்தாஸ். மாமியின் சட்டம் ஒன்றுதான். கேட்கிறவன் எல்லாம் முறைக்குச் சுற்ற வேணும், சுற்றாதவன் காதைப் பொத்திக்கொண்டு இருக்க வேணும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு போட்டு, அது ஊறுகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த அந்த விளக்கடியில், சைக்கிள் சக்கரம் சுற்றுகிற நிழல் சுவரில் ஓடும். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் இழுபடும். மாமி செய்தி வாசிப்பவரையே அதட்டுவா, "கெதியாச் சொல்லன்!"

1995 ஒக்ரோபர் 30. இந்தக் குழுவில் இருக்கிற பாதிப் பேருக்கு அந்த இரவை நான் சொல்லத் தேவையில்லை. மழையும் இருட்டும். ஆமி நெருங்கி வர, குடாநாட்டின் மேற்குப் பக்கமான வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் இறங்கி, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தது. நாங்கள் மாமியோடு சேர்ந்துதான் வெளிக்கிட்டோம். எல்லாரும் உடுப்பு, காணி உறுதி, நகை, சாமிப்படம் என்று கட்ட, மாமி குசினிக்குள் கதிரை வைத்து ஏறி, வளையில் தொங்கின விதை வெங்காயத்தை அவிழ்த்துக்கொண்டு நின்றா. தாளோடு சேர்த்து முடிந்து, அடுப்புப் புகை படுகிற மாதிரித் தொங்கவிட்டிருந்த வெங்காயம். பதினெட்டுப் பிடி. கரியரில் இரண்டு பக்கமும் கட்டி, மேலே தன்ர ஒரே ஒரு குடையை விரித்துப் பிடிக்க என்னை விட்டா. மாமி நனைந்தா, நான் நனைந்தேன், வெங்காயம் நனையவில்லை. "சாகப் போற நேரத்திலை வெங்காயமோ" என்று பக்கத்தில் ஆரோ சொன்னதற்கு, "சாகிறவை நகையைக் கொண்டு போங்கோ, நான் மாசியிலை சமைக்கோணும்" என்றா. அந்த நெரிசலில், அந்த நிலைமையில், நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா சிரித்ததை நான் பார்த்தேன்.

பாலம் தாண்டி, மீசாலையில் முன்பின் தெரியாத ஒருவரின் வளவில் தங்கினோம். ஒரு அறையில் பதினாறு பேர். இரண்டாம் கிழமை மாமி வீட்டுக்காரரிடம் போய், தென்னைகளுக்கு நடுவில் வெறுமையாகக் கிடந்த துண்டைக் கேட்டா. கேட்டா என்று மரியாதைக்கு எழுதுகிறேன். "உந்த நிலத்தை இப்பிடிப் போட்டிருக்க உங்களுக்கு வெக்கமில்லையோ" என்பதுதான் அவ கேட்ட முறை. அந்த மனுசன் நல்லவர், கொடுத்தார். எங்கட செம்மண் வெங்காயம் அங்கத்தை மணலில் வருமா என்று எல்லாரும் சந்தேகப்பட்டோம். சின்னனாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. சொன்ன மாதிரியே மாசியில் சமைத்தா. விதைக்கும் எடுத்து வைத்தா. 1996 சித்திரை கழிய ஊருக்குத் திரும்பினபோது வீடுகளுக்கு ஓடில்லை, கதவில்லை, எங்கட வீட்டில் நிலைக்கட்டையும் இல்லை. மாமியின் கரியரில் மட்டும் வெங்காயம் இருந்தது.

இந்த இடத்தில் மலர் வரைவு, "கேட்டவர்க்கெல்லாம் கேளாமல் வாரி வழங்கிய வள்ளல்" என்கிறது. இல்லை. அவ வாரி வழங்கவில்லை, கடன் கொடுத்தா. ஒரு பிடி வாங்கினால் அறுவடைக்கு இரண்டு பிடி திருப்ப வேணும். கொப்பியில் பேரெழுதி, வீட்டுக்காரரின் கையெழுத்தும் வாங்கினா. இருபத்துமூன்று வீடு. அந்த வருசம் ஊரில் தோட்டம் தொடங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கொப்பிக்குள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், வாரி வழங்கியிருந்தால் எங்கட ஆட்கள் அதை அவித்துத் தின்றிருப்பார்கள். கொப்பியில் பேர் இருந்ததால்தான் நட்டார்கள்.

பிழையும் விட்டிருக்கிறா, அதையும் எழுதத்தான் வேணும். வாய் இருக்கிற ஆட்களின் வாயால் மற்றவர்களுக்குக் காயமும் வரும். என்ர அண்ணாவுக்கு ஏ.எல். சோதனை இரண்டாம் தரமும் சரிவராமல் இருந்தபோது, ஒரு சாமத்திய வீட்டில் சபையில் வைத்து, "உவனுக்கு மண்வெட்டிதான் சரி" என்றா. அண்ணா ஆறு மாசம் அவவின் ஒழுங்கையால் போகவில்லை. மாமி பிழை என்று வாயால் சொல்லமாட்டா. கதலி வாழைப்பழத்தோடு வருவா. ஊருக்கே அந்தக் கணக்குத் தெரியும்: சின்னப் பிழைக்கு ஒரு சீப்பு, பெரிய பிழைக்கு இரண்டு. அண்ணாவுக்கு மூன்று சீப்பு வந்தது. முழுக் குலை ஒரே ஒரு தரம்தான் வந்தது, அதுவும் எங்கட வீட்டுக்கு. திரும்பி வந்த புதிதில் தன்ர கிணற்று வாளியை அம்மா எடுத்துப்போட்டா என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தா. கிணறு கலக்கி இறைத்தபோது வாளி அடியில் கிடந்தது. அன்றைக்குப் பொழுதுபடச் சைக்கிளின் குறுக்கே ஒரு குலையைக் கட்டிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் திண்ணையில் வைத்துப்போட்டுப் போனா. அவ பேசாமல் போனதை அம்மா கண்டது அந்த ஒரு தரம்தானாம். அம்மா அதைத் தின்ன மனமில்லாமல் அயலுக்குப் பங்கிட்டா.

சுவிசுக்குப் போன கதை எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாக முடிக்கிறேன். மூன்று மாச விசாவில் மகனிடம் போனா, ஏழாம் கிழமை திரும்பிவிட்டா. ஏன் என்று கேட்டதற்கு, "இரவு பத்து மணிக்குப் பிறகு கதைச்சா கீழ்வீட்டுக்காரன் கதவைத் தட்டுறான். பகலிலை கதைக்க ஆளில்லை. பிறகேன் எனக்கு வாய்?" என்றா.

நான் அவவைக் கடைசியாக நேரில் கண்டது 2004இல். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகப் போகிற ஏ9 பாதை திறந்திருந்த காலம். நான் இருக்கிற நோர்வே பேர்கனிலிருந்து கைநிறையச் சொக்கிலேற்றும் ஒரு ஸ்வெற்றரும் கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துக்கு ஸ்வெற்றர் கொண்டு போன என்ர புத்தியைப் பற்றி அவ சொன்னதை இங்கே எழுத முடியாது. தேத்தண்ணி தந்துபோட்டு உள்ளே போய்க் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தா. மட்டை கழன்று, நூலால் தைத்திருந்த கொப்பி.

"கொப்பர் ரெண்டு பிடி வாங்கினவர். நாலு பிடி வரோணும். எங்கை?"

நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. அப்பாவின் கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினா. நாங்கள் 1997இல் கொழும்புக்கு வெளிக்கிட்ட அவசரத்தில் கொடுக்காமல் வந்துவிட்டோம். நான் கைப்பையைத் திறந்து காசை எடுத்தேன். பெரிய பிழை.

"காசோ நான் தந்தனான்?"

அடுத்த நாள் விடிய சந்தைக்குப் போய், நல்ல வெங்காயமாகப் பார்த்து நாலு பிடி வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றை எடுத்து உரித்து, பெருவிரலால் அமத்தி, மணந்து பார்த்துவிட்டு, "இது எங்கட வெங்காயமில்லைப் பிள்ளை, கறிக்கு வைப்பம்" என்று குசினிக்குள் கொண்டு போனா. கொப்பியில் அப்பாவின் பேரை வெட்டவில்லை. அப்பா போன வருசம் தவறும்வரைக்கும், வைபரில் எப்போது கதைத்தாலும் மாமி கடைசியாகக் கேட்கிற கேள்வி அதுதான். அப்பாவும் ஒவ்வொரு தரமும், "வாற போகத்துக்குத் தாறன் பெரியக்கா" என்பார். நடக்க முடியாத மனுசன், மலைக்கும் மழைக்கும் நடுவில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு.

சங்கத்திடம் எனக்கு மூன்று வேண்டுகோள்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கோ. இதில் இருந்து உங்களுக்குப் பிடித்ததை வெட்டி ஒட்டலாம், என்னிடம் கேட்கத் தேவையில்லை. நினைவு வளைவு கட்டுகிற கதையும் அடிபடுகிறது. கட்டுகிறவர்கள் கட்டட்டும், ஆனால் என்ர பங்குக் காசுக்கு ஒரு நல்ல தராசு வாங்கி, சந்தியில் மரத்துக்குக் கீழே இருந்து மரக்கறி விற்கிற பெண்களிடம் கொடுங்கோ.

அடுத்தது படம். வரைவில் இருப்பது அடையாள அட்டைப் படம் மாதிரி, வாயை இறுக மூடிக்கொண்டு. அவவின் எல்லாப் படமும் அப்படித்தான். படம் எடுக்கிறவர்கள் "அசையாதேங்கோ" என்று சொன்னால் அது ஒன்றுக்கு மட்டும் பயப்படுவா. ஆரிடமாவது கலியாண வீட்டு வீடியோவில், தேர்த் திருவிழாப் படத்தில், பின்னால் எங்கேயாவது நின்று கத்திக்கொண்டிருக்கிற மாமி இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கோ. தெளிவில்லாவிட்டாலும் பரவாயில்லை.

மூன்றாவது என்ர சொந்த விசயம். நான் அந்தியேட்டிக்கு ஊருக்குப் போகிறேன். மீசாலை போய் வந்த அந்த விதையை இன்னும் மாறாமல் வைத்திருக்கிற வீடு ஊரில் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனி மடல் போடுங்கோ. நாலு பிடி வேணும். கொப்பி மகளிடம் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
தெற்கு ஒழுங்கைப் பிள்ளை
பேர்கன்